ஜோசினா மஷேல் அதிபரின் மனைவி அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்த்துக்கீசிய ஆட்சியை எதிர்த்து நடந்த மொசாம்பிக் விடுதலைப் போர் பற்றிய கட்டுரையில் ஜோசினா மஷேலை 'அதிபர் சமோரா மஷேலின் மனைவி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியும் பிழை. ஜோசினா 1971 ஏப்ரல் 7 அன்று தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் காலமானார், வயது 25. நாடு விடுதலை பெற்று சமோரா அதிபரானது 1975 ஜூன் 25-ல்தான். ஜோசினா சமோராவை மணந்தவர்தான்; ஆனால் சமோரா அதிபரான பிறகு மனைவியாக இருந்தவர் கிராசா. பிற்காலத்தில் நெல்சன் மண்டேலாவை மணந்தவரும் அவரே. இந்த இருவரையும் போட்டுக் குழப்புவது புதிதல்ல.

ஜோசினா 18 வயதில், 1964-ல், சக மாணவர்களோடு நாட்டைவிட்டுத் தப்பினார். விக்டோரியா அருவி அருகே ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) போலீஸிடம் சிக்கி, போர்த்துக்கீசியர் கைக்குப் போய், சில மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் ஸ்வாஸிலாந்துப் பக்கமாக மறுபடி கிளம்பி, 1965-ல் தார் எஸ் சலாம் சேர்ந்தார். ஸ்விட்சர்லாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1967-ல் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் மகளிர் படைப்பிரிவில் சேர்ந்தார். முதல் அணியில் மொத்தமே 25 பெண்கள். தெற்குத் தான்சானியாவில் நாச்சிங்வேயா முகாமில் அவர்களுக்கு ஆயுதப் பயிற்சி.

அந்தப் பிரிவு ஒப்புக்கு அமைத்ததல்ல. ஆயுதங்கள் தான்சானியாவில் வந்து இறங்கும். சண்டையோ எல்லையில் ஓடும் ருவுமா ஆற்றுக்குத் தெற்கே, மொசாம்பிக்கின் வடக்குப் பகுதிகளான காபோ டெல்காடோவிலும் நியாசாவிலும். ஆற்றைத் தாண்டிவிட்டால் லாரிக்கு வழியில்லை. தோட்டாப் பெட்டி, மருந்து எல்லாமே தலைச்சுமைதான். விமானத்தின் கண்ணில் படாமல் காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்க வேண்டும். சுமை வரவில்லையென்றால் முன்னணியில் துப்பாக்கி இருந்தும் பயனில்லை. திரும்பும்போதும் வெறுங்கையாக இல்லை: விடுவிக்கப்பட்ட ஊர்களில் விளைந்த முந்திரியும் கடலையும் தான்சானியாவுக்குச் சுமையாகப் போயின. இந்தச் சுமையில் பெரும்பங்கு பெண்கள் தலையில். ஊர்ப் பெண்களிடம் உட்கார்ந்து பேசி அவர்களை இயக்கத்துக்குக் கொண்டுவரவும் பெண் போராளிகளால் முடிந்தது. துப்பாக்கி ஏந்திய பெண்ணைப் பார்த்து வெட்கப்பட்டே படையில் சேர்ந்த ஆண்களும் உண்டு.

பெண்கள் சண்டைக்கு வருவதை இயக்கத்துக்குள்ளேயே பலர் ஏற்கவில்லை. 1968 ஜூலையில் நியாசாவில் நடந்த இரண்டாவது மாநாட்டில், எல்லா மட்டத்திலும் பெண்களுக்குச் சமபங்கு வேண்டும் என்று ஜோசினா வாதாடினார். சமோராவை மணந்தது அதற்குப் பிறகு, 1969 மே மாதத்தில். அதே ஆண்டு சமூக நலத் துறைப் பொறுப்பும் வந்தது: போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான காப்பகங்கள், பள்ளிகள். தன் கைக்குழந்தையைத் தான்சானியாவில் விட்டுவிட்டு, உடல்நலம் குன்றிய நிலையிலும் நியாசாவுக்குப் போய் வந்தார்.

அவர் இறந்த நாளே மொசாம்பிக்கில் மகளிர் தினம், பொது விடுமுறை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். 'மகளிர் படைப்பிரிவுப் போராளி, ஃப்ரெலிமோ சமூக நலத் துறைத் தலைவர்' என்று போட்டால் போதும்.

— வாசகர், மதுரை