கேரம் பிராக்டிஸும் நாலே முக்கால் ஹாரனும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்,

காலாண்டு முடிஞ்சு லீவும் விட்டாச்சு. ரிசல்ட் போன வருஷத்துக்கு பரவால்ல, பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, அறிவியல் கண்காட்சின்னு பசங்க எல்லாத்துலயும் நல்லா பண்ணாங்க, டீச்சருங்களுக்கு நன்றி. மார்க் ஷீட் ஸ்கூல் தொறந்ததும் வந்துரும்.

இப்ப கேரம் விஷயம். பிராக்டிஸ் அஞ்சரைக்கு முடியணும், ஆனா நாலே முக்காலுக்கே கேட்டாண்ட வண்டிய நிறுத்தி ஹாரன் அடிக்கிறீங்க, பையன் ஸ்ட்ரைக்கர அப்படியே போட்டுட்டு பைய தூக்கிக்கினு ஓடுறான், எதிர்ல ஆடின புள்ள பாதி போர்டுல முழிச்சிக்கினு உக்காந்திருக்கு. கேட்டா "அவனுக்கு கை தானா வருது மேடம், பிராக்டிஸ்லாம் எதுக்கு"ங்கிறீங்க.

வருதுதான், இல்லன்னு சொல்லல. ஏழாவது படிக்கிற ஒருத்தன் நேர்ல இருக்குற காயின எல்லாம் சட்டு சட்டுன்னு உள்ள தள்ளிருவான். ஆனா அவன் பக்கத்து பாக்கெட்டாண்ட, கோட்டுக்குப் பின்னாடி ஒரு காயின் நின்னுச்சுன்னா போச்சு, அங்க கட்டைவிரலால அடிக்கணும், அத அவன் பழகவே இல்ல. கூட ஆடுற ஆறாவது பொண்ணுக்கு அவ்ளோ வேகம் கெடையாது, ஆனா மாஸ்டர் அதே எடத்துல காயின வெச்சு வெச்சு அடிக்க விட்டாரு, இப்ப அவ அங்க விடுறதே இல்ல. ரெண்டு பேரும் ஆடினா யார் ஜெயிக்கிறாங்கன்னு நான் வேற சொல்லணுமா.

அதுவும் நம்ம ஏரியா கடல்காத்துக்கு மழை நாள்ல போர்டு இழுக்கும், எவ்ளோ பவுடர் தூவினாலும் காயின் பாக்கெட் வாசல்ல போய் நின்னுக்கும். அன்னிக்கு எவ்ளோ கூட தட்டணும்னு நாள் தவறாம ஆடுற கைக்குதான் தெரியும். வீட்ல போன்ல ஆடுறானேன்னு சொல்லாதீங்க, அது எங்க அடிக்கணும்னு கோடு போட்டே காட்டுது!

கேரம்லாம் ஒரு வெளையாட்டான்னு ஒரு அப்பா கேட்டாரு. மரிய இருதயம் 1996லயே கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கினாரு. வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன். 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பைல 3 தங்கம் வாங்கின காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு, அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. கை தானா வருதேன்னு அந்த வீட்ல போர்ட சுவத்துல சாத்தி வெச்சிருந்தா?

அதனால கண்டிப்பா சொல்றேன், ஸ்கூல் தொறந்த நாள்லேந்து அஞ்சரைக்கு முன்னாடி வாட்ச்மேன் கேட்ட தொறக்க மாட்டாரு. டாக்டராண்ட போகணும்னா காலைலயே டைரில எழுதி அனுப்புங்க. பாதில போற பசங்க பேரு போட்டி லிஸ்ட்ல வராது, யார் சிபாரிசு பண்ணி போன் பண்ணாலும் சரி.

கோச்சிக்காதீங்க. ஹார்பர்ல ஷிப்ட் முடிச்சு, மீன் வித்துட்டு, கண்டெய்னர் லாரிங்க நடுவுல பூந்து வர்றது எவ்ளோ கஷ்டம்னு தெரியும். லேட்டா வாங்க, பரவால்ல, ஆறு மணி வரைக்கும் மாஸ்டர் இருப்பாரு. பழைய போர்டுக்கு வலை மாத்திக் குடுத்த அப்பாவுக்கும், பசங்களுக்கு சுண்டல் குடுத்து விடுற அம்மாவுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அப்புறம் யார் வீட்லயாச்சும் போரிக் பவுடர் மீதி இருந்தா குடுத்து விடுங்க, இங்க தீந்துருச்சு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்