ஜெர்மனிக்கு அப்போஸ்டில் உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடு என்றாலே சான்றிதழிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் ஸ்டிக்கரைப் போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணம் சேலத்துப் பெற்றோரிடம் வேரூன்றிவிட்டது. அப்போஸ்டிலுக்கு அடிப்படையான ஹேக் உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் இந்தியாவுக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கு இடையே அது செல்லாது. ஜெர்மனியில் படிக்கப் போகிறவர் அந்த ஸ்டிக்கருக்குப் பணம் கட்டுவது வீண். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கேட்பது ஏபிஎஸ் சான்று, அதாவது ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று சரிபார்ப்பு மையம் தரும் சான்று. அதற்கே 18,000 ரூபாய்.

அமீரகம், குவைத்துக்கு வழியே வேறு. பட்டச் சான்றில் முதலில் மாநில அரசு முத்திரை, அடுத்து வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம். வரிசை தப்பினால் கவுன்ட்டரிலேயே திருப்பிவிடுவார்கள். அமைச்சகம் நேரில் வாங்காது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்டால், எதற்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலும் சிக்குவது இன்ஷியலில்தான். மதிப்பெண் பட்டியலில் 'கே.', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கமான லேமினேஷன்: பிளாஸ்டிக் மேல் முத்திரை பதியாது, உரித்தால் தாள் கிழியும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நாடுவாரியாக இந்த விவரத்தைத் தமிழில் ஒட்டி வைக்கலாம்.

சான்றொப்பப் பணியாளர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.