மரத்தின் படத்தோடு சுற்றளவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை விட்டதும் அமிர்திக்கும் ஜவ்வாது மலைக்கும் கேமராவோடு கிளம்புகிறவர்கள் நம் வேலூர்ப் பக்கம் பெருகியிருக்கிறார்கள். மனம் நிறைகிறது. ஆனால் எடுத்து வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் எந்த மரம், எந்த ஊர், எவ்வளவு பருமன் என்று ஒன்றும் இருப்பதில்லை. சாலை அகலமாகும்போது அந்த மரம் போய்விட்டால், நின்ற இடத்தைச் சொல்லக்கூட அந்தப் படம் உதவாது.

பழைய மரத்துக்கு மலைதான் ஏற வேண்டும் என்பதில்லை. விறகுக்கும் சந்தனத்துக்கும் வெட்டுப்பட்டுத் திரும்பத் துளிர்த்த காடுதான் சரிவுகளில் நிறைய. அடி பெருத்த ஆலும் இலுப்பையும் புளியும் மருதமும் ஏரிக்கரையிலும் கோயில் காட்டிலும் பழைய சாலையோரத்திலும் தப்பி நிற்கின்றன. அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் தேடினாலே போதும்.

பலரும் செய்யும் முதல் தவறு, மரத்தடியில் நின்று அகல லென்ஸை அண்ணாந்து பிடிப்பது. அடிமரம் பானைபோல் உப்பும், உச்சி சுருங்கும், மரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். மரம் முழுவதும் படத்துக்குள் அடங்கும் தூரம் விலகி, கேமராவைச் சாய்க்காமல் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் உருவம் உள்ளபடி வரும். போனில் 0.5 என்ற அகலக் கோணத்தைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். ஆள் இல்லாத படத்தில் முப்பது அடி மரமும் எண்பது அடி மரமும் ஒன்றுதான்.

அடுத்தது வெளிச்சம். உச்சிவெயில் இலை வழியே விழுந்து தரையெல்லாம் வெள்ளைத் திட்டாகும், பட்டை கறுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் கேமரா பிடிக்காது. மேகம் மூடிய காலை நல்லது, மார்கழிப் பனி அதைவிட நல்லது. இலைக்கூரையின் கீழ் தானியங்கி வெள்ளைச் சமநிலையில், அதாவது நிறத்தைக் கேமராவே சரிசெய்யும்படி விட்டால், படத்துக்குப் படம் நிறம் மாறலாம். 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். நனைந்த இலையின் வெள்ளைப் பளபளப்பை, லென்ஸ்முன் மாட்டும் போலரைசர் கண்ணாடி எடுத்துவிடும், ஆனால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் சேர்த்துத் தின்னும். அதனால் முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, இரண்டு விநாடி டைமர். காற்றில் இலை கலங்கினால் ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றலாம். கிளைகளுக்கிடையே வானம் வெளுத்தால் இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு அளவு. தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் சணல் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, அதை டேப்பில் அளந்தால் போதும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து நாலரை அடி. அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே அளந்து, எந்த உயரம் என்று எழுதுங்கள். மஞ்சள் கயிறும் சேலையும் கட்டியிருந்தால் அவிழ்க்கக் கூடாது. பருமனை வைத்து 'ஐந்நூறு வயது' என்று எழுதுவதும் வேண்டாம். ஏரிக்கரைப் புளி சீக்கிரம் பெருக்கும், பாறைமேல் நிற்பது அதே வயதிலும் மெலிந்திருக்கும். ஆலில் தாய்மரம் உளுத்துப்போன பிறகும் விழுதுகள் நிற்கும். எந்த அடியை அளந்து எந்த வயதைச் சொல்வது?

ஒரே இடத்தில் நின்று வருஷத்தில் இருமுறையாவது எடுக்க வேண்டும். மாசி வாக்கில் அரசமரம் இலை உதிர்த்து நிற்கும்போது கிளையமைப்பும் பட்டுப்போன கொம்பும் கண்ணில் படும். சித்திரையில் செம்புநிறத் துளிர் வரும்போது எந்தப் பக்கம் உயிர் இருக்கிறது என்பது தெரியும். அடியில் குப்பை கொளுத்திய கரி, அறைந்த ஆணி, வேர்மேல் போட்ட சிமென்ட் மேடை இவற்றையும் மறைக்காமல் எடுங்கள். மரம் சாகும் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மரத்தடியைச் சுத்தமாக்கிவிட்டுப் படமெடுக்கிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. நாகர் கல், பிள்ளை வரத்துக்குக் கட்டிய தொட்டில், கல்லில் காய்ந்த எண்ணெய், நிழலில் படுத்த ஆடு எல்லாம் சேர்ந்துதான் அந்த மரம். பழைய வடார்க்காடு நடுகல்லுக்குப் பேர்போன மண். வேர் பிடித்துச் சாய்ந்த கல் இருந்தால் அதையும் எடுங்கள். எழுத்துத் தெரிய மாவோ சாக்பீஸோ தேய்க்கக் கூடாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாக எழும். கோயில் காட்டில் செருப்பை வெளியே விட்டு, பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்ட பிறகே கேமராவை எடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாசகர் படங்களை வெளியிடும்போது மரத்தின் பெயர், ஊர், சுற்றளவு, எடுத்த தேதி நான்கையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன். சந்தன மரத்துக்கு மட்டும் ஊர்ப் பெயர் போடாதீர்கள். அனுப்புகிறவர்களும் போன் படத்தில் தானாகப் பதியும் இடக்குறியை நீக்கிவிட்டு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
வாசகர், காட்பாடி