அக்காவுக்கு, திதிக்கு முன்னால்

அக்கா,

போனில் பேச ஆரம்பித்தால் ரெண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதைச் சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள். காரில் நீ சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை, பயப்படாதே.

இத்தாலியில் நாம் போன சார்டினியா தீவின் பெயரை யாராவது சொன்னாலே எழுந்து போய்விடுகிறாயாம். எனக்கு நேர் எதிர். அங்கே கலா கோலோரிட்சே கடற்கரையை நினைக்காமல் அந்த நாளை என்னால் நினைக்க முடியவில்லை. கோல்கோ மேட்டிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் இறங்கியதெல்லாம் உனக்குத் தெரியும். கரைக்கு மேலே 140 மீட்டருக்கும் அதிகமாக நிற்கும் அந்த ஊசிப் பாறையில் ரெண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "பெத்தவங்க பாத்தா என்ன ஆகும்" என்றாய்.

1962-ல் மலை சரிந்து உண்டான கரை அது. படகுகள் கிட்டே வரக் கூடாது என்பதால் கூழாங்கற்கள் உருளும் சத்தம்கூடக் கேட்டது. வெள்ளைக் கல் ஒவ்வொன்றும் காலடியில் நழுவ, என் தோளைப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் வந்தாய். இடுப்பு வரைக்கும் வெதுவெதுப்பு, திடீரென்று பாதத்தில் மட்டும் ஐஸ். மலைக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் கடலுக்கடியில் ஊற்றாக வருகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த நீயே கத்திவிட்டாய். அப்புறம் சிரித்தாய். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம் என்று கேட்டது நீ. அதை யாரிடமாவது சொன்னாயா?

மேலே ஏறி வந்ததும்தான் சிக்னல் கிடைத்தது. மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நீ பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "அப்பாவுக்கு போட்டோ அனுப்புடி" என்றாய். அனுப்பறேன் என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன்.

நீ அழ வேண்டிய நேரத்தில் உன்னைப் பாட்டுக் கேட்க விட்டேன். அதற்கு மன்னித்துவிடு. ஆனால் ஸ்டியரிங் உன் கையில் இருந்தது அக்கா. பௌனேய் ஊருக்கு இறங்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வைத்து எப்படிச் சொல்வேன்? வண்டியை நிறுத்திய பிறகுதான் சொல்ல முடிந்தது. மறுபடியும் அதே நிலைமை வந்தாலும் அப்படித்தான் செய்வேன். "எங்கிட்ட மறைச்சுட்டா" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொன்னாயே, கார் ஓட்டியது யார் என்று ஒருத்தருக்காவது சொன்னாயா? கோபம்தான் வருகிறது.

அந்த இடத்தை நீ வெறுக்க வேண்டாம். இப்போது ஒரு நாளைக்கு 250 பேருக்குத்தான் அனுமதியாம், முன்னாலேயே பதிவு செய்ய வேண்டுமாம். நீ சரி என்றால் ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே செய்கிறேன்.

அன்று காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா என்னிடம் போனில் பேசியதை நேரில் சொல்கிறேன். அது இங்கே வேண்டாம்.

போன திதிக்கு வரவில்லை, இந்த முறை வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். சமையலுக்கு ஆள் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு. வாழைக்காய்ப் பொரியல் நான் செய்கிறேன், சாம்பாரை நீ பார்த்துக்கொள்.