உறைக்குள் இருப்பதைச் சொல்லி விற்கச் செய்யுங்கள்: கொரிய நியாய வணிக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும் வணக்கம்.

சுவோன் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வசித்துவரும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த மடலின் கொரிய வடிவத்தைச் செஜோங் நகரிலுள்ள உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதையே தமிழில் பொதுவில் வைப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரியப் பாடகர் குழுக்களின் இசை ஆல்பம் விற்பவர், அதன் உறைக்குள் எந்தப் போட்டோகார்டு (குழுவில் ஒருவரின் படம் அச்சிட்ட சிறு அட்டை) இருக்கிறது என்பதை வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். அது முடியாது என்றால், எந்த அட்டை நூற்றுக்கு எத்தனை உறைகளில் இருக்கிறது என்பதையாவது மேலுறையில் அச்சிட வேண்டும். பாடகர்கள் ரசிகர்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கான குலுக்கலை, பிரதிக்கு ஒரு சீட்டு என்று ஆல்பத்தோடு கட்டி விற்பவர், மொத்தம் எத்தனை சீட்டுகள் சேர்ந்தன, எத்தனை இடங்கள் இருந்தன என்பதை வெளியிட வேண்டும். இதற்கு ஒரு விதி செய்யுங்கள்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. எங்கள் குடியிருப்பில் அன்றுதான் மறுசுழற்சிக் குப்பை போடும் நாள். மற்ற வாரங்களில் மூன்று முறை கூப்பிட்டால்தான் எழுந்து வரும் என் மகள், அன்று தானாகவே ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அவளுக்குப் பதினைந்து வயது. பெட்டி கனமாக இருக்கிறதே என்று பின்னாலேயே போனேன். உள்ளே அவளுக்குப் பிடித்த பாடகர் குழுவின் ஒரே ஆல்பம், பதினாறு பிரதிகள். ஒவ்வொன்றும் தடித்த அட்டைப் பெட்டியில், வழவழப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகமும் குறுந்தகடும் ஒட்டுப்படங்களும் மடித்த சுவரொட்டியும் வைத்து, நல்ல கலைஞர்கள் உட்கார்ந்து வடிவமைத்த பொருள். பதினாறு தகடுகளிலும் ஒரு விரல் ரேகை இல்லை. எங்கள் வீட்டில் குறுந்தகடு போடும் கருவியே கிடையாது.

புத்தகங்களைக் காகிதத் தொட்டியில் போட்டோம், மெல்லிய மேலுறைகளை அதற்குரிய சாக்கில் போட்டோம். தகடுகளை எதில் போடுவது என்று தெரியாமல் காவலாளிப் பெரியவரிடம் கேட்டோம். அவர் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புதிதாக இருக்கிறதே என்றார். பிறகு, இது மறுசுழற்சிக்குப் போகாது, காசு கொடுத்து வாங்கும் குப்பைப் பையில்தான் போட வேண்டும் என்றார். என் மகள் பதினாறு தகடுகளையும் ஒவ்வொன்றாக அந்தப் பையில் போட்டாள். பாட்டுக் கேட்கும் பிள்ளை, தனக்குப் பிடித்த பாட்டைத் தன் கையாலேயே குப்பையில் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது.

திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. படியேறும்போது, அந்தக் குழுவில் தனக்கு மிகவும் பிடித்த பாடகனை நினைத்து அவளாகவே சொன்னாள்: "பதினாறு வாங்கியும் அவனோட கார்டு ஒண்ணுகூட வரலப்பா. சந்திப்புக்கும் பேர் வரல. லிஸ்ட்ட நாலு தடவ பாத்துட்டேன். இன்னும் ஒண்ணு வாங்கியிருந்தா வந்திருக்குமோ?"

ஒரு பிரதி ஏறத்தாழ 20,000 வொன். திருச்சிக்குப் போயிருந்தபோது தாத்தாவும் பாட்டியும் கையில் வைத்த பணமும், இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கைச்செலவுக் காசும் அதில் போயிருக்கின்றன. பணம் போனது எனக்குப் பெரிதில்லை. இன்னும் ஒன்று வாங்கியிருந்தால் என்ற அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் விற்பவரிடம் இருக்கிறது. குலுக்கலில் எத்தனை பேர் இருந்தார்கள், ஒரு சீட்டுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அவர் கணினியில் பதிவாகியிருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவருடைய வியாபாரம். அவர் எந்த நிறுவனம் என்று நான் இங்கே எழுதவில்லை, ஏனெனில் ஒருவரைப் பிடித்துத் தண்டியுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தத் துறையில் பெரும்பாலோர் இப்படித்தான் விற்கிறார்கள், ஆகவே விதி எல்லோருக்கும் வேண்டும்.

இந்த முறை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை. 2024 மே மாதத்தில், சொத்து மதிப்பு 5 லட்சம் கோடி வொன்னைத் தாண்டிய பெரும் வணிகக் குழுமங்களின் பட்டியலில் ஹைப் நிறுவனத்தை நீங்கள்தான் சேர்த்தீர்கள். பொழுதுபோக்குத் துறையிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் நிறுவனம் அது. பாங் சி-ஹ்யுக் 2005-இல் பிக் ஹிட் என்ற பெயரில் தொடங்கியபோது அது ஒரு சிறு கம்பெனி. 2013 ஜூனில் அறிமுகமான பிடிஎஸ் குழுவின் ஏழு இளைஞர்கள் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2020 அக்டோபரில் பங்குச் சந்தையில் இறங்குவதற்காக ஒரு பங்கு 1,35,000 வொன்னுக்கு விற்கப்பட்டு, 96,000 கோடி வொன்னுக்கு மேல் திரண்டது. சோர்ஸ் மியூசிக், ப்ளெடிஸ் என்று சொந்த நாட்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, 2021-இல் ஹைப் என்று பெயர் மாற்றி, அதே ஆண்டு அமெரிக்காவின் இத்தாகா ஹோல்டிங்ஸை 105 கோடி டாலருக்கு வாங்கி, 2023-இல் ஆண்டு வருவாய் 2 லட்சம் கோடி வொன்னைத் தாண்டிய முதல் கொரிய இசை நிறுவனமாக அது நின்றது. இந்த வளர்ச்சியில் எனக்குப் பொறாமையோ வெறுப்போ கிடையாது. என் மகள் கொரிய மொழியை இவ்வளவு சரளமாகப் பேசுகிறாள் என்றால் அதில் பள்ளிக்கு இருக்கும் பங்கு இந்தப் பாட்டுகளுக்கும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வளர்ச்சியின் எந்தப் பகுதி பாட்டால் வந்தது, எந்தப் பகுதி மூடிய உறையால் வந்தது என்று பார்க்க வேண்டிய கடமை உங்களுடையது. 2023-இல் கொரிய ஆல்பங்கள் 10 கோடிக்கும் அதிகமாக விற்றன. உலகம் முழுவதும் பாட்டு கைப்பேசிக்குள் போய்விட்ட காலத்தில், கேட்கும் கருவியே இல்லாத வீடுகளுக்கு இத்தனை கோடித் தகடுகள் ஏன் போகின்றன? உங்கள் நாட்டின் நுகர்வோர் முகமையே 2023 மார்ச்சில் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது: ஆல்பம் வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உள்ளே இருக்கும் அட்டை முதலிய பொருள்களைச் சேர்ப்பதற்காகவே வாங்கினார்கள், குறுந்தகட்டில் பாட்டுக் கேட்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை, ஒரே ஆல்பத்தை 90 பிரதிகள் வரை வாங்கியவரும் இருந்தார்.

நான் கணக்கோடு பழகியவன் என்பதால் அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஏழு அட்டைகளும் ஒருவர் கைக்கு வந்துசேரச் சராசரியாக 18 பிரதிகள் வாங்க வேண்டும். பதின்மூன்று பேர் குழுவாக இருந்தால் 41. ஆளுக்கு இரண்டு மூன்று வகை அட்டைகள், கடைக்குக் கடை வேறு அட்டைகள் என்று பிரித்துவிட்டால் அந்த எண் எங்கே போகும் என்பதை உங்கள் அதிகாரிகளே போட்டுப் பார்க்கலாம். அட்டைகள் சம அளவில்தான் கலக்கப்படுகின்றனவா என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தருவதில்லை. அடுத்த உறையில் அவன் முகம் இருக்கலாம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

இதன் குப்பையையும் நாடே சுமக்கிறது. ஆல்பங்களுக்குச் செலவான பிளாஸ்டிக் 2017-இல் 55.8 டன்; 2022-இல் 801.5 டன். 2024 வசந்தத்தில், செவன்டீன் குழுவின் புதிய ஆல்பங்கள் டோக்கியோவின் ஷிபுயா தெருவில் பெட்டி பெட்டியாக, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைக்கப்பட்டுக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அந்தக் குழுவின் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு அவர்கள்மீதும் இரக்கம் வருகிறது. ஹைப் குழுமத்துக்குள்ளேயே, அடோர் நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி மின் ஹீ-ஜின், 2024 ஏப்ரல் 25 அன்று செய்தியாளர்கள் முன்னால் இந்த ரேண்டம் அட்டை முறையைக் கண்டித்தார். அவருக்கும் குழுமத்துக்கும் இடையிலான வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்பது என் வேலையல்ல. தொழிலின் உள்ளே இருப்பவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். தகடு இல்லாமல், கைப்பேசியில் திறக்கும் ஆல்பங்களும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் மூடிய உறைக்குள் அட்டை இருக்கும்வரை, தகடு போனாலும் பதினாறு வாங்கும் காரணம் போகாது.

இனி உங்கள் ஆணையத்தைப் பற்றியே மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் நெக்ஸான் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்துக்கு நீங்கள் 1,160 கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விதித்தீர்கள். மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் காசு கொடுத்து வாங்கும் ‘கியூப்’ என்ற பொருள்களில் அரிய பலன் கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிட்டு, விளையாடுபவர்களுக்கு அதைச் சொல்லாமல் மறைத்தது குற்றம் என்றீர்கள். அதே ஆண்டு மார்ச் 22 முதல், இத்தகைய பொருள்கள் விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதை விளையாட்டு நிறுவனங்கள் வெளியிட்டே தீர வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டமாகிவிட்டது. படித்தபோது பெருமையாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்கும் பிள்ளையை இந்த அரசு கைவிடாது என்று நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், ஹைப் குழுமத்தின் வீவர்ஸ் உட்பட நான்கு பெரிய நிறுவனங்களின் ரசிகர் பொருள் கடைகள் பொருளைத் திருப்பியனுப்பும் உரிமையைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்தன என்று நீங்களே கண்டறிந்தீர்கள். நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து விதித்த அபராதம் 1 கோடியே 5 லட்சம் வொன். அந்தச் சட்டப் பிரிவில் அவ்வளவுதான் விதிக்க முடியும் என்று நீங்கள் பதில் சொல்லலாம். அப்படியென்றால் அந்தப் பிரிவு போதாது என்று சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான். ஆண்டுக்கு 2 லட்சம் கோடி வொன் புரளும் இடத்தில் அந்தத் தொகை யாருடைய தூக்கத்தையும் கெடுத்திருக்காது. கணினித் திரையில் திறக்கும் பெட்டிக்கு ஒரு நியாயமும், என் மகள் நகத்தால் கிழித்துத் திறந்த பெட்டிக்கு வேறொரு நியாயமும் எப்படி இருக்க முடியும்? திரையில் திறக்கும் பெட்டியை வாங்குபவருக்கு வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தெரிகிறது. காகிதப் பெட்டியை வாங்குபவருக்கு அதுவும் தெரிவதில்லை, மிஞ்சுவதைக் குப்பைப் பை வாங்கிப் போடும் செலவும் அவருடையது.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லியாக வேண்டும். ஹைப் 2025-இல் மும்பையில் தன் இந்தியக் கிளையைத் தொடங்கியிருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் என் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே இந்த ஆல்பங்களைப் பல மாதம் காசு சேர்த்து, கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டி வாங்குகிறார்கள். அங்கே விற்கப்போகும் முறையும் இங்கே நீங்கள் அனுமதித்த முறையாகவே இருக்கும். நீங்கள் செஜோங்கில் எழுதும் ஒரு விதி, அந்தப் பிள்ளைகளின் கைக்காசையும் காக்கும் என்று அவர்களைப் பெற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். அட்டையை விற்காதீர்கள் என்று யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. எந்த அட்டை என்று சொல்லி விற்கச் செய்யுங்கள். சொல்ல மறுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று உறைமேல் எழுதச் செய்யுங்கள். குலுக்கல் நடத்தினால் சீட்டுகளின் எண்ணிக்கையையும் இடங்களின் எண்ணிக்கையையும் வெற்றிப் பட்டியலோடு சேர்த்து வெளியிடச் செய்யுங்கள். வயது வராத பிள்ளைகள் ஒரே ஆல்பத்தை எத்தனை பிரதி வரை வாங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைக்க முடியுமா என்று ஆராயுங்கள்.

அடுத்த மாதம் அந்தக் குழுவின் புதிய ஆல்பம் வருகிறது. ஒன்றே ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நானும் சரி என்றிருக்கிறேன். உறையைத் திறக்கும் முன் அதன்மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
சுவோனில் வசிக்கும் ஒரு தந்தை