ஒரு கிறிஸ்துமஸ் படத்துக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஃபிராங்க் காப்ரா 1946-ல் எடுத்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தை டிசம்பர் பிறந்தால் தேடியெடுத்துப் பார்க்கும் ரசிகர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். இயக்குநர் காப்ராவுக்கும் கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கும் கதாநாயகி டோனா ரீடுக்கும் உலகமே நன்றி சொல்லியாகிவிட்டது. டைட்டிலில் பெயர் வந்தும் யாரும் படிக்காதவர்கள், பெயரே வராதவர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த மடல் அவர்களுக்கு. தான் பிறக்காமலே போயிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று கதாநாயகன் ஜார்ஜ் பெய்லி கண்ணால் பார்க்கிறான் அல்லவா? அதே கணக்கை இந்தப் படத்துக்கே போட்டுப் பார்த்தால், இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் நமக்கு இந்தப் படம் இப்படிக் கிடைத்திருக்காது.

முதல் நன்றி, பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் அவர்களே, உங்களுக்கு. உங்கள் சிறுகதையை எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. அதற்காக அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடாமல், 1943 டிசம்பரில் 200 பிரதிகள் சிறு புத்தகமாக அச்சடித்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினீர்கள். அது கைமாறி ஹாலிவுட்டை எட்டியது. ஆர்.கே.ஓ ஸ்டூடியோ 10,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கி, மூன்று திரைக்கதைகள் எழுதவைத்தும் கதை படியவில்லை. கடைசியில் அது காப்ராவின் லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது.

ஃபிரான்சஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் தம்பதியருக்கும் ஜோ ஸ்வெர்லிங்குக்கும் எங்கள் நன்றி கொஞ்சம் விரிவானது. ஸ்டெர்னின் கதை பாலத்தின் மேல் தொடங்குகிறது. சாகத் துணிந்தவன் ஏற்கெனவே அங்கே நிற்கிறான். காப்ராவோடு சேர்ந்து திரைக்கதை அமைத்த நீங்கள் அந்தப் பாலத்துக்கு முன்னால் ஒரு முழு வாழ்க்கையை வைத்தீர்கள். ஜார்ஜைக் காப்பாற்ற வரும் தேவதை கிளாரன்ஸ் அவன் கண்முன் வருவதற்கே படத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை நடப்பதெல்லாம் நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவு. இந்தப் படம் பழையதாகாமல் இருப்பதற்கு எங்கள் பார்வையில் முதல் காரணம் அதுதான்.

ஜார்ஜ் நடத்தும் கடன் சங்கத்தில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு ஜனங்கள் முண்டியடிக்கும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தன் தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலர்தான் கையிருப்பு. முதல் ஆள் டாம், தன் கணக்கில் உள்ள 242 டாலரையும் எண்ணி வைக்கச் சொல்கிறார். பிறகு வரும் ஒரு பெண்மணி 20 டாலர் போதும் என்கிறார். மிஸஸ் டேவிஸ் கேட்பது பதினேழரை டாலர். அந்தத் தொகை உங்கள் திரைக்கதையில் இல்லையாம். ஸ்டூவர்ட்டைத் திகைக்கவைப்பதற்காக, மிஸஸ் டேவிஸாக நடித்த எலன் கோர்பியிடம் காப்ரா தனியாகச் சொல்லிக்கொடுத்தது. ஸ்டூவர்ட் நெகிழ்ந்துபோய் அவர் கன்னத்தில் முத்தமிட்டதும் அந்த நொடியில் வந்ததுதான். மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும்போது மிச்சம் 2 டாலர். ஒவ்வொருவர் தேவையும் ஒரு தொகையாகக் காதில் விழுவதால்தான், முழுப்பணமும் கேட்ட டாமின் மேல் வருத்தமும் குறைத்துக் கேட்டவர்களின் மேல் பாசமும் நமக்குத் தானாக வருகிறது. பிறகு தொலைந்துபோகும் சங்கத்தின் 8,000 டாலர் எவ்வளவு பெரிய இடி என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தப் பணத்தை அமுக்கிய வில்லன், ஊர்ப் பணக்காரர் பாட்டருக்குக் கடைசிவரை தண்டனையே தராமல் விட்டீர்களே, அந்தத் துணிச்சலுக்கும் நன்றி. ஊரார் கூடி பணத்தைக் கொட்டினார்களே தவிர, போன பணம் திரும்பி வரவில்லை. பாட்டர் பிடிபட்டிருந்தால் அந்தக் கடைசிக் காட்சி வழக்கமான துப்பறியும் கதையாக முடிந்திருக்கும்.

இனி, பனி பொழியவைத்தவர்கள். ரஸ்ஸல் ஷியர்மன் அவர்களுக்கும் ஆர்.கே.ஓ தந்திரக் காட்சிக் குழுவினருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. படப்பிடிப்பு நடந்தது 1946 ஏப்ரல் முதல் ஜூலை வரை, கலிஃபோர்னியாவின் என்சினோவில், கொளுத்தும் வெயிலில். பாலத்துக் காட்சியில் உற்றுப் பார்த்தால் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வழியும் வியர்வை தெரியும். அந்தக் காலத்தில் சினிமாப் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ். அதில் சிக்கல் சத்தம்தான். விழும்போது சரசரக்கும், கால் வைத்தால் நொறுங்கும். அதனால் பனிக் காட்சி என்றாலே வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்க்கவேண்டும். காப்ரா நடிப்பும் குரலும் ஒரே நேரத்தில் பதிவாகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அதற்கு உங்கள் குழு கண்ட வழி எளிமையானது. தீயணைப்புக் கருவியில் நுரை கிளப்பும் ஃபோமைட் என்ற பொருளை எடுத்து, சோப்பும் தண்ணீரும் கலந்து, அதிக அழுத்தத்தில் காற்று இயந்திரத்தின் வழியே பீய்ச்சினீர்கள். நுரை சின்னச் சின்னச் செதில்களாகப் பிய்ந்து, சத்தமே இல்லாமல் மிதந்து இறங்கியது. கோட்டிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது. இந்தப் படத்துக்குச் செலவானது சுமார் 6,000 காலன் கலவை. தரைக்கு வேறு ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் நுரை கால்தடம் தாங்காது. அங்கே துருவிய ஐஸ், ஜிப்சம், பிளாஸ்டர் எல்லாம் கொட்டிப் பரப்பினீர்கள். ஜார்ஜ் தெருவில் கத்திக்கொண்டே ஓடும் காட்சியில் அவர் குரல் மூச்சிரைப்போடு நேரடியாகக் கேட்கிறதென்றால், அதற்கு வழிவிட்டது அந்த ஓசையற்ற பனி. இந்த முறைக்காக மார்ட்டி மார்ட்டின், ஜாக் லானன் ஆகியோரோடு சேர்த்து உங்கள் குழுவுக்கு 1949-ல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது தந்தது. ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு ஆஸ்கரும் வாங்காத படத்தின் பனிக்கு மட்டும் விருது கிடைத்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

கலை இயக்குநர் ஜாக் ஓக்கிக்கும் நன்றி. கதை நடக்கும் பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் ஊருக்காக நான்கு ஏக்கரில் 75 கடைகளும் கட்டடங்களும் அமைத்து, நன்றாக வளர்ந்த 20 ஓக் மரங்களைப் பெயர்த்து வந்து நட்டீர்கள். ஊர் வாழ்ந்த ஊராகத் தெரியவேண்டும் என்று புறாக்களையும் நாய்களையும் பூனைகளையும் அங்கேயே திரியவிட்டார்கள்.

மதுக்கடையில் ஜார்ஜ் கடவுளிடம் மன்றாடும் காட்சியில் இருட்டறையில் உழைத்த ஆப்டிகல் பிரிண்டர் தொழிலாளர்களே, உங்கள் பெயர்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை, வேலை மட்டும் கிடைத்திருக்கிறது. ஸ்டூவர்ட் எதிர்பாராமல் உடைந்து அழுதபோது கேமரா தள்ளி நின்றது. போர் விமானியாக 20 தாக்குதல்களில் பறந்து திரும்பியபின் அவர் நடித்த முதல் படம் இது. அந்த அழுகையைக் க்ளோஸப்புக்காக இன்னொரு தரம் கேட்க முடியாது. எனவே எடுத்த படச்சுருளையே ஒவ்வொரு சட்டகமாக மறுபடி படம்பிடித்து, முகத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தீர்கள். அப்படிப் பெரிதாக்கினால் பிலிமின் துகள்களும் சேர்ந்தே பெரிதாகும். அதனால்தான் அந்த ஷாட் மட்டும் முன்பின் ஷாட்டுகளைவிடச் சொரசொரப்பாக இருக்கிறது. பெரிய திரையில் பார்ப்பவர்கள் இதைப் பிரிண்டின் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜார்ஜின் பில்லி மாமா குடித்துவிட்டுத் தள்ளாடிப் போகும்போது ஃப்ரேமுக்கு வெளியே எதையோ தடாலென்று கீழே போட்ட ஊழியரே, உங்களுக்கும் நன்றி. பில்லியாக நடித்த தாமஸ் மிட்செல் சட்டென்று "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று குரல் கொடுத்ததால், அந்தச் சத்தம் குப்பைத் தொட்டியில் மோதிய சத்தமாகிப் படத்திலேயே தங்கிவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்தவருக்கு காப்ரா 10 டாலர் கொடுத்தாராம்.

படம் வெளியானபோது ஆர்.கே.ஓவுக்கு நஷ்டம். அதைத் திரும்பவும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஓர் அலுவலகத் தவறு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டு முடிந்ததும் பதிப்புரிமையைப் புதுப்பிக்கவேண்டும். 1974-ல் அந்தப் படிவம் போய்ச் சேரவில்லை. கட்டணம் இல்லாமல் ஒளிபரப்பலாம் என்றதும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுக்க ஓட்டித் தள்ளின. படிவத்தைத் தவறவிட்ட அந்தக் கைக்கும், ஒளிபரப்பிய நிலையங்களுக்கும் நன்றி. உரிமை திரும்பக் கட்டுக்குள் வந்தது 1993-ல்தான். ஸ்டெர்ன் தன் கதையின் உரிமையை முறையாகப் புதுப்பித்திருந்தது அதற்குப் பெரிய பிடிமானமானது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் இந்தப் படத்தோடு வளர்ந்துவிட்டார்கள்.

கடைசியாக, பாரமவுண்ட் ஆவணக் காப்பகத்தில் படத்தை மீட்டெடுத்தவர்களுக்கு. இலவசக் காலத்தில் சுற்றியவை பிரதியிலிருந்து பிரதி எடுத்த 16 எம்.எம். சுருள்கள். முகம் இருண்டு, பனியும் வானமும் ஒன்றாக வெளுத்துப்போய், விளம்பரத்துக்காக நடுவில் வெட்டப்பட்டும் கிடந்தன. நீங்கள் நைட்ரேட் நெகட்டிவின் 14 சுருள்களில் எஞ்சிய 13-ஐத் தேடியெடுத்தீர்கள். நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகும். சிதைந்த இடங்களை 1940-களில் எடுத்த மாஸ்டர் பிரதிகளைக் கொண்டு நிரப்பி, 2019-ல் 4கே வடிவில் தந்தீர்கள். கோட்டின் நெய்தலும் தோளில் நுரைப் பனி தங்கும் விதமும் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன.

இந்த ஆண்டு முதல்முறை பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ணம் பூசிய பதிப்பை விட்டுவிடுங்கள், ஸ்டூவர்ட்டே அதைக் கடுமையாக எதிர்த்தவர். இணையத்தில் கிடைக்கும் ஒரு சுருக்கப் பதிப்பில் ஜார்ஜ் பிறக்காத ஊரான பாட்டர்ஸ்வில் பகுதியே இல்லை. அதைப் பார்த்தால் சாகப்போனவன் ஏன் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான் என்றே புரியாது. கருப்பு வெள்ளையா, ஓட்ட நேரம் 130 நிமிடமா என்று சரிபார்த்த பிறகு பிளே பொத்தானை அழுத்துங்கள்.

நன்றியுடன்,
பழைய படங்களின் தமிழ் ரசிகர்கள் சிலர்