குருத்தில் ஒரு கோடு

ஸ்காபரோ, ரொறொன்ரோ, கனடா,
தைப்பொங்கலுக்கு மறுநாள்.

அன்பு மகளுக்கு,

பொங்கலன்று நீ அனுப்பிய படத்தை அம்மாவும் நானும் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தோம். முதலில் உன் முகம். கொஞ்சம் மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். பிறகுதான் உனக்குப் பின்னால் சாடியில் நின்ற, பனை இனத்துக் கென்டியாவைப் பார்த்தேன். கீழ் ஓலைகள் இரண்டு மஞ்சளாகிவிட்டன, நுனிகள் கருகுகின்றன, வெட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய்.

வெட்டாதே, பிள்ளை. தொலைபேசியிலேயே இந்த ஒரு சொல்லைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் விட்டால், வீடு துப்புரவாக்கும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்துவிடும். என் கை ஒருமுறை எடுத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சாடியில் இப்போது மூன்று கன்றுகள் நிற்கின்றன. நீ பாலர் வகுப்பில் சேர்ந்த ஆண்டு நான் வாங்கி வந்தபோது ஐந்து இருந்தன. கென்டியா மிக மெதுவாக வளர்வது. வீட்டுக்குள் ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஓலைகள் விட்டாலே பெரிது. அதனால் பார்வைக்கு நிறைவாக இருக்கட்டும் என்று ஒரே சாடியில் சில கன்றுகளை நெருக்கி வைத்து விற்பார்கள். உன் சாமத்திய வீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, விருந்தினர் வருகிறார்கள், படம் எடுப்பார்கள் என்று மஞ்சள் ஓலைகள் அத்தனையையும் நான் அடியோடு நறுக்கினேன். படங்களில் மரம் பச்சைப்பசேலென்று நிற்கிறது, இன்றும் ஆல்பத்தில் பார்க்கலாம். அடுத்த மாதமே அதற்கு மேல் வரிசை ஓலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அவற்றையும் வெட்டினேன். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மெலிந்த கன்றுகள் இரண்டு போய்விட்டன.

நம் ஊரில் காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். சாடிக்குள் நடப்பதைப் பார்த்த பிறகு அந்தப் பழமொழி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. சாடி மண்ணில் பொட்டாசியம் போதாதபோது மரம் தன் முதிய ஓலைகளில் இருப்பதை உருவி மேலே குருத்துக்கு அனுப்புகிறது. மஞ்சள் எப்போதும் அடி ஓலையில் தொடங்குவது அதனால்தான். அந்த ஓலை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை நீ அகற்றினால் மரத்தின் தேவை நின்றுவிடாது, அடுத்த ஓலையில் கைவைக்கும். அதையும் அகற்றினால் அதற்கடுத்தது. முழுவதும் பழுப்பாகி, மட்டையும் காய்ந்து, தொட்டால் சருகுபோல் ஒலிக்கும்போது மட்டும் வெட்டு. அதுவரை கண்ணுக்கு அழகில்லாமல் நிற்கட்டும். வீட்டுக்கு வருபவர்கள் ஏதாவது சொன்னால் அப்பா வெட்ட விடவில்லை என்று சொல்.

உரத்தை இப்போது போடாதே. மே மாதம் வளர்ச்சி தொடங்கிய பிறகு, பனை இனத்துக்கென்று விற்கும் மெதுவாகக் கரையும் உர மணிகளை வாங்கிப் போடு. பொட்டாசியமும் மக்னீசியமும் இருக்கிறதா என்று பையில் பார்த்து வாங்கு. பழுத்த ஓலை மறுபடி பச்சையாகாது. புதிதாக வருகிற ஓலைகள்தான் தேறி வரும், அதற்கே ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்.

நுனி கருகுவது வேறு விஷயம். வெளியே மைனஸ் 30 பாகை இருக்கும்போது உள்ளே ஓடும் சூட்டுக்காற்று வீட்டுக் காற்றின் ஈரத்தையெல்லாம் வறட்டிவிடும். உன் உதடு வெடிப்பதாகச் சொன்னாயே, அதே காற்றுத்தான் ஓலைக்கும். படத்தில் சாடிக்குப் பக்கத்திலேயே தரையில் சூட்டுக்காற்று வரும் துவாரம் தெரிகிறது. முதல் வேலையாக மரத்தை அங்கிருந்து நகர்த்து. தண்ணீர் தெளிப்பதில் பெரிய பயன் இல்லை, சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கி அறையில் வை, உனக்கும் நல்லது. மாதத்துக்கு ஒருமுறை மரத்தைக் குளியலறைக்கு இழுத்துச்சென்று, வெதுவெதுப்பான நீரால் ஓலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவு. வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் எங்கிருந்தோ வந்துவிடும். ஓலையின் அடியில் மெல்லிய நூல் வலையும், மேலே ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அதுதான். அப்படியே மண்ணிலும் நீரைத் தாராளமாக ஊற்றி அடியால் வழிய விடு, தேங்கிய உப்பு போகும். தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடு.

மற்ற நாட்களில் தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதே. விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் தட்டினால் திரும்பிப் போ. குளிர்காலத்தில் வேர் மிகக் குறைவாகவே குடிக்கும். குழாயிலிருந்து நேரே வரும் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றாதே. இரவே ஒரு வாளியில் பிடித்து வைத்துவிடு.

இதையும் நான் இழந்துதான் கற்றேன். நீ பிறப்பதற்கு முன், இந்த நாட்டில் எங்கள் மூன்றாவது குளிர்காலம் என்று நினைக்கிறேன், ஒரு கடையில் முளைத்த தேங்காயைச் சாடியில் வைத்து விற்றார்கள். பாதித் தேங்காய் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் விலை கேட்கவே தோன்றவில்லை, எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். முதல் ஆண்டு அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து, தென்னை இந்த மண்ணுக்குப் பழகிவிட்டது என்று நம்பினேன். அந்த ஆண்டு முழுவதும் அது உண்டது உள்ளே இருந்த தேங்காயை. தேங்காய்க்குள் பஞ்சுபோல் வளரும் பூரான் பருப்பைக் கரைத்துக் கன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. தாய் கொடுத்தது தீர்ந்ததும் வேரும் வெயிலும்தான் கதி. வேரோ குளிர்ந்த ஓட்டுத் தரையில், வெயிலோ இல்லை. இரவு வேலை முடிந்து வந்து ஒவ்வொரு காலையும் ஆசையோடு குளிர்ந்த நீர் ஊற்றினேன். பெப்ரவரியில் ஒருநாள் குருத்தைத் தொட்டபோது அது என் கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். அம்மா அன்று சமைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தென்னை, பனை, கமுகு, இந்தக் கென்டியா எல்லாம் ஒரே குடும்பம். ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. மாமரத்தை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். இவற்றில் குருத்துப் போனால் அந்தத் தண்டு போயிற்று, வேறு வழி இல்லை. (நாங்கள் ஒரு காலம் வைத்திருந்த அரேக்கா நம் கமுகு என்று நினைத்திருந்தாய். அது மடகாஸ்கரிலிருந்து வந்தது, பாக்குக் காய்க்கும் கமுகு வேறு.)

பனையை ஏன் வைக்கவில்லை என்று சின்ன வயதில் கேட்டாய், அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பாச்சி பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பேன். உயர்த்திக் கட்டிய மணல் பாத்தி. பனங்கொட்டை முளைக்கும்போது மேலே எதுவும் தெரியாது. ஒரு குழல் கீழ்நோக்கி இறங்கும், அதன் முனையில்தான் கன்றே உருவாகும். நாம் கிழங்கு என்று பிடுங்குவது அதைத்தான். மாதக்கணக்கில் ஆழத்தைத் தேடிப் போன பிறகே ஓலை மேலே எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட மரத்துக்கு எந்தச் சாடியில் இடம் கொடுப்பது? பனை வெளியில் நிற்க வேண்டியது. அதை இங்கே கொண்டுவந்து வதைக்க எனக்கு மனம் வரவில்லை.

கென்டியாவின் ஊர் லார்ட் ஹோவ் தீவு. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கிடக்கிறது, நீளம் 11 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. அங்கே கடும் வெயிலும் கிடையாது, கடுங்குளிரும் கிடையாது. பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியதால் மங்கிய ஒளியைத் தாங்குகிறது. அந்தத் தீவில் குடியேறியவர்கள் இதன் ஓலையால் கூரை வேய்ந்தார்கள் என்று அறிந்த நாளில் எனக்கு இந்த மரத்தோடு உறவு ஏற்பட்டுவிட்டது. நானும் ஓலை வேய்ந்த வீட்டில் பிறந்தவன்தானே.

ஆனாலும் தாங்குவது வேறு, வளர்வது வேறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டிலேயே குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். ரொறொன்ரோவில் ஒன்பதை எட்டாது. உன் எட்மன்டனில் டிசம்பரில் ஏழரை மணி நேரம்தான். யன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளினாலே ஒளி பெரிதும் குறைந்துவிடும், நம் கண் பழகிப்போவதால் தெரிவதில்லை. தெற்கு யன்னலுக்குப் பக்கத்தில் வை, ஆனால் ஓலை கண்ணாடியில் படக்கூடாது, படும் இடம் உறைந்து கருகும். சாடிக்கு அடியில் பலகைத் துண்டோ தடித்த கம்பளமோ போடு. முடிந்தால் எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் எரியும்படி வை.

ஜூன் வருவதற்கு முன் பல்கனிக்குக் கொண்டுபோகாதே. இரவுகள் 10 பாகைக்கு மேல் நிலைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முழு நிழல். ஒரே பிற்பகல் வெயிலில் ஓலைகள் வெளுத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். செப்டெம்பர் தொடக்கத்திலேயே உள்ளே எடு.

ஓகஸ்டில் நாம் இருவரும் சுப்பீரியர் ஏரியின் வடகரை வழியாக வாகனம் ஓட்டிப் போனது நினைவிருக்கிறதா? மரத்தைப் பின்னிருக்கையில் சாய்த்து, சேலையால் சுற்றி, பட்டி போட்டுக் கட்டினோம். நீ அதை எங்களோடு விட்டுவிட்டுப் போகலாம் என்றாய், நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், அறையில் ஐந்து பேரோடு இருந்தபோது, ஒருநாள் வேலை தேடி நடந்து கால் மரத்து அலன் கார்டன்ஸ் கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்தேன். 1910இல் கட்டிய குவிமாடம். உள்ளே கட்டணம் இல்லை. கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனையும் சூடும் முகத்தில் அடித்தன, தலைக்கு மேல் ஓலைகள். பின்னேரம் வரை அங்கேயே இருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. நீ தனியாக இருக்கும் வீட்டில் உன் தலைக்கு மேலும் ஓர் ஓலை இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் ஊரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் முட்டார்ட் கண்ணாடிப் பிரமிடுகள், 1976இல் திறந்தவை. நான்கில் ஒன்று வெப்பமண்டலத்துக்கு. இந்த மாதத்தில் ஒருநாள் போய் இரு, குளிர்ச் சட்டையைக் கழற்றிவிட்டு இரு.

கடைசியாக ஒன்று. மூன்று கன்றுகளிலும் நடுவில் ஊசிபோல் நிற்கும் குருத்தைப் பார். அதன் மீதும் அதை ஒட்டி நிற்கும் மட்டை மீதும் சேர்த்து, பேனாவால் ஒரே கிடைக்கோடு மெல்லப் போடு. குருத்து வளர்ந்தால் அதன் பாதிக் கோடு மேலே ஏறும். ஜனவரியில் அசையாது, பயப்படாதே. பெப்ரவரியிலும் அசையாமல் இருக்கலாம். குருத்தை இழுத்துப் பார்க்காதே. மார்ச் கடைசியில் இரண்டு கோடுகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எனக்குச் சொல்.

அம்மா அவித்து உலர்த்திய பனங்கிழங்கு, நம் புழுக்கொடியல், அனுப்பியிருக்கிறாள், தேங்காய்ச் சொட்டோடு சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா